கைப்பேசி சொன்ன 34

“மிஸ், எனக்கு 50-க்கு 34 வந்திருக்கு.”

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம் அது. ஆசிரியர் அறையில் விடைத்தாள் கட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்த நான், பதினோராம் வகுப்பு மாணவி ஏதோ பாட மதிப்பெண்ணைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் அம்மாவின் கைப்பேசித் திரையைப் படம் பிடித்து, அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தாள். ‘உங்கள் மதிப்பெண் 34. ஆட்டிசத்துக்கான அறிகுறிகள் மிகுதியாக உள்ளன’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் இரண்டு வரிகள். அதன் கீழே ஏதோ ஒரு விளம்பரம்.

ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் வீதியெல்லாம் நிரம்பியிருந்த நாட்கள். அவள் வீடு கோயிலைச் சுற்றிய வீதிகளில் ஒன்றில்தான். ஒலிபெருக்கிச் சத்தத்தில் தூங்க முடியவில்லை, தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தேன், அப்போதுதான் இதைத் தேடினேன் என்றாள்.

நான் சொன்ன பதிலை இங்கே மறைக்காமல் எழுதுகிறேன். “நீ வகுப்பிலேயே முதல் மூணு பேர்ல ஒருத்தி. உனக்கு எப்படிம்மா ஆட்டிசம் இருக்கும்? போனைக் கீழே வச்சிட்டுப் படி.”

அவள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். அதன்பிறகு மூன்று வாரம் ஆசிரியர் அறைப் பக்கமே வரவில்லை.

அந்த மூன்று வாரத்தில் நான் படித்தவையும், பிறகு சிறப்புப் பயிற்றுநர் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவையும்தான் இந்தக் கட்டுரை. நம் மாணவர்கள் கையில் இப்போது கைப்பேசி இருக்கிறது. இப்படி ஒரு தாளோடு நாளை உங்களிடமும் ஒரு மாணவர் வந்து நிற்கலாம்.

நான் எங்கே தவறினேன்?

ஆட்டிசம் என்றதும் என் மனத்தில் வந்தது 2013-இல் வெளிவந்த ‘ஹரிதாஸ்’ படத்தின் சிறுவன். அதிகம் பேசாத, தன் உலகில் இருக்கிற, எப்போதும் துணை தேவைப்படுகிற குழந்தை. அந்தச் சித்திரம் பொய்யில்லை. ஆனால் ஆட்டிசத்தின் ஒரு முகம் மட்டுமே அது.

நாம் பயன்படுத்தும் சொற்களும் இதற்குத் துணைபோகின்றன. நாளிதழ்களில் ‘மதி இறுக்கம்’ என்கிறார்கள். அரசு ஆவணங்களில் ‘புற உலகச் சிந்தனையற்றோர்’ என்ற தொடரைப் பார்க்கிறோம். என் மாணவிக்குப் புற உலகம் எட்டாமல் இல்லை. அது அளவுக்கு மீறி எட்டியதால்தான் அவள் தூங்காமல் இருந்தாள். அந்தச் சொற்களுக்குள் அவளைத் தேடினால் கிடைக்கமாட்டாள்.

லியோ கானர் என்ற மருத்துவர் 1943-இல் அமெரிக்காவில் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்துதான் ஆட்டிசம் தனியாக அடையாளம் காணப்பட்டது. அடுத்த ஆண்டே வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர், நன்றாகப் பேசக்கூடிய, ஆனால் பிறரோடு பழகத் திணறுகிற சிறுவர்களைப் பற்றி எழுதினார். இரண்டும் வெவ்வேறு நிலைகள் என்றே நெடுங்காலம் கருதினார்கள். இங்கிலாந்தின் லோர்னா விங் 1980-களில் இவற்றை ஒரே தொடர்ச்சியாகப் பார்க்க வேண்டும் என்று வலியுறுத்தினார். 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு, எல்லாவற்றையும் ‘ஆட்டிச நிறமாலைக் குறைபாடு’ என்ற ஒரே பெயரின் கீழ்க் கொண்டுவந்தது.

அந்தக் கையேட்டின்படி இரண்டு பகுதிகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதலாவது, பிறரோடு பழகுவதிலும் தொடர்புகொள்வதிலும் வேறுபாடு: பேச்சின் குறிப்பை உணர்வது, முகபாவத்தைப் படிப்பது, நட்பைத் தொடங்கித் தொடர்வது போன்றவை. இரண்டாவது, ஒரே மாதிரியான நடத்தை, மாற்றத்தைத் தாங்க முடியாமை, ஒரு பொருளில் மட்டும் ஆழ்ந்த ஈடுபாடு, ஒலி, ஒளி, தொடுகை போன்றவற்றுக்கு மிகையாகவோ குறைவாகவோ எதிர்வினை. இவை சிறு வயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும். அன்றாட வாழ்வைப் பாதிக்கவும் வேண்டும்.

அறிவுத்திறன் குறைவு இந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள். சிலருக்கு அது சேர்ந்து இருக்கலாம், பலருக்கு இருக்காது. ‘நன்றாகப் படிக்கிறாள், ஆகவே ஆட்டிசம் இருக்காது’ என்ற என் முதல் வாக்கியமே பிழை.

இன்னொன்றும் உண்டு. ஆட்டிசம் கண்டறியப்படுபவர்களில் ஆண்கள், பெண்களைப்போல மூன்று நான்கு மடங்கு. பெண் பிள்ளைகளிடம் அது குறைவாக இருப்பது மட்டும் இதற்குக் காரணமில்லை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். தோழிகளைப் பார்த்துச் சிரிப்பையும் பேச்சையும் மனப்பாடம் செய்து, தங்கள் சிரமத்தை மறைத்துக்கொள்ளும் பெண் பிள்ளைகள் உண்டு. வகுப்பில் ‘அடக்கமான பெண்’ என்று நாம் பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

அந்தத் தேர்வு எங்கிருந்து வந்தது?

அவள் எழுதியது இணையத்தில் பரவலாகக் கிடைக்கும் ‘ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம் கோஷன்ட்’, சுருக்கமாக ஏ.க்யூ. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சைமன் பேரன்-கோஹனும் அவர் குழுவினரும் 2001-இல் வெளியிட்டது. 50 கூற்றுகள். 32-உம் அதற்கு மேலும் வந்தால் கவனிக்க வேண்டிய எல்லை.

அவர்கள் இதை இயல்பான அறிவுத்திறனுள்ள, ஏற்கெனவே கண்டறியப்பட்ட 58 பேரிடமும், பொதுமக்கள் 174 பேரிடமும் கொடுத்துப் பார்த்தார்கள். முதல் குழுவின் சராசரி 36-ஐ ஒட்டியது, இரண்டாம் குழுவின் சராசரி 16-ஐ ஒட்டியது. முதல் குழுவில் 80 விழுக்காட்டினர் 32-ஐத் தொட்டார்கள். பொதுமக்களில் 2 விழுக்காட்டினரே தொட்டார்கள்.

இதைக் கேட்டால் மிக நல்ல தேர்வாகத் தோன்றும். அவள் 34 வாங்கியிருக்கிறாள், அப்படியானால் முடிவு தெரிந்துவிட்டதே என்றும் தோன்றும். இங்கேதான் ஒரு சின்னக் கணக்கு போட வேண்டும்.

ஆயிரம் பேர் இந்தத் தேர்வை எழுதுவதாக வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு ஒருவர் ஆட்டிச நிலையில் இருப்பதாகவும் கொள்வோம். உலக சுகாதார நிறுவனம் 2021-க்குத் தந்த மதிப்பீடு 127 பேரில் ஒருவர் என்பதால் இது மிகையான தவறில்லை. ஆயிரத்தில் 10 பேர் ஆட்டிச நிலையினர். அவர்களில் 80 விழுக்காடு, அதாவது 8 பேர் எல்லையைத் தாண்டுவார்கள். மீதி 990 பேரில் 2 விழுக்காடு, ஏறத்தாழ 20 பேர் தாண்டுவார்கள். மொத்தம் 28 பேர் ‘ஆம்’ என்ற முடிவோடு வெளியே வருகிறார்கள். உண்மையில் ஆட்டிச நிலையினர் 8 பேர்தான். பத்தில் மூன்று பேருக்கும் குறைவு. ‘இல்லை’ என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் இரண்டு பேர் ஆட்டிச நிலையினர்.

தேர்வு கெட்டது என்பதால் வந்த விளைவில்லை இது. அரிதான ஒன்றைத் தேடும்போது எந்த நல்ல சல்லடையிலும் இப்படித்தான் நேரும். சந்தேகத்தோடு தேடி வருபவர்களுக்கு வாய்ப்பு சற்றுக் கூடுதலாக இருக்கலாம் என்பதும் உண்மை. ஆனால் அங்கேயும் தேர்வு தடுமாறுகிறது. லண்டனில் ஆட்டிசம் கண்டறியும் சிறப்பு மையத்துக்கு அனுப்பப்பட்ட 476 பேரை வைத்து 2016-இல் ஓர் ஆய்வு வெளியானது. ஏ.க்யூ.வின் 10 கேள்விச் சுருக்கத்தில் எல்லைக்குக் கீழே மதிப்பெண் பெற்றவர்களில் 64 விழுக்காட்டினருக்கு, முழு மதிப்பீட்டில் ஆட்டிசம் இருப்பது தெரிந்தது. மறுபுறம், தீராத பதற்ற நோய் உள்ளவர்களுக்கு மதிப்பெண் உயர்ந்துபோகிறது என்பதையும் அந்த ஆய்வு சுட்டியது. பதினோராம் வகுப்பில் பதற்றமில்லாத பிள்ளை எத்தனை பேர்?

பி.எட். பாடம் நினைவிருக்கிறதா?

நம்பகத்தன்மை, ஏற்புடைமை என்று இரண்டைப் படித்தோம். ஒரே பொருளை இருமுறை நிறுத்தால் ஒரே எடை வர வேண்டும், அது நம்பகத்தன்மை. எதை அளக்க வந்தோமோ அதைத்தான் அளக்கிறோமா என்பது ஏற்புடைமை.

மாணவி வந்துபோன அன்றிரவு நானும் அந்தத் தேர்வை எழுதினேன். நாள் முழுக்க ஓய்வில்லாமல் களைத்திருந்தேன். 24 வந்தது. பொங்கல் விடுமுறையில், பிறந்த வீட்டில் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து மறுபடி எழுதினேன். 17. இடையில் நான் மாறிவிடவில்லை. ‘கூட்டத்தில் இருக்கப் பிடிக்குமா’ என்று கேட்டால் களைத்த மனம் ஒன்று சொல்கிறது, ஓய்ந்த மனம் வேறொன்று சொல்கிறது. ஒருவரின் அனுபவம் ஆய்வாகிவிடாதுதான். ஆனாலும் ஒற்றை இரவில் வந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதை எனக்கு அது உணர்த்தியது.

ஏற்புடைமையில் இன்னும் பெரிய சிக்கல். விருந்துக்குப் போவதா, நூலகத்துக்குப் போவதா என்ற வகையில் ஒரு கூற்று. நாடகமா, அருங்காட்சியகமா என்று இன்னொன்று. உறவுக்காரர் வீட்டுத் திருமணத்துக்குப் போவதா வேண்டாமா என்று நம் வீட்டுப் பெண்ணிடம் யார் கேட்கிறார்கள்? வண்டி எண்களைக் கவனிப்பீர்களா என்று ஒரு கூற்று. சத்திரம் பேருந்து நிலையத்தில் நிற்கும் யாரும் எண்ணைப் பார்த்துத்தான் பேருந்தில் ஏறுகிறோம். கண்ணைப் பார்த்துப் பேசாததை ஓர் அடையாளமாக எடுத்துக்கொள்ளும் வினாநிரல்கள் உண்டு. ஆசிரியர் முன் கண்ணைத் தாழ்த்துவதை மரியாதை என்று சொல்லிக்கொடுத்தவர்களே நாம்தான். வேற்று மண்ணில் செய்த அளவுகோலை அப்படியே நம் பிள்ளைகள் மேல் வைத்தால், அளப்பது அவர்களையா, அவர்கள் ஊரையா என்று கேட்கத்தான் வேண்டும்.

இத்தனைக்கும் ஏ.க்யூ., ஆய்வாளர்கள் உருவாக்கிய தேர்வு. யார் உருவாக்கியது என்றே தெரியாத, விளம்பரத்துக்காகவும் ‘முழு அறிக்கைக்குப் பணம் கட்டுங்கள்’ என்பதற்காகவும் நடத்தப்படும் தேர்வுகள் இணையத்தில் ஏராளம். பெயர், வயது, தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்ட பிறகே முடிவைக் காட்டுபவையும் உண்டு. இதை மாணவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவைப்பது நல்லது.

‘இல்லை’ என்ற முடிவும் ஆபத்துதான்

இதைப் படித்துவிட்டு, ‘அப்படியானால் இணையத் தேர்வெல்லாம் வீண், பிள்ளைகளை அதட்டி அனுப்பிவிடலாம்’ என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அதற்காக இன்னொரு நிகழ்வைச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் திருச்சி நகரில் வேறொரு பள்ளியில் இருந்தேன். அங்கே ஆறாம் வகுப்பில் ஒரு பையன். ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துக்கு 13 நிலை, 236 அடி, 1987-இல் கட்டி முடித்தார்கள், கோயிலில் மொத்தம் 21 கோபுரம், 7 பிரகாரம் என்று தினமும் சொல்வான். இதில் வியப்பில்லை, எங்கள் ஊரில் பல பிள்ளைகளுக்குத் தெரிந்ததுதான். ஆனால் அவன் வேறு எதையும் பேசமாட்டான். இடையில் நிறுத்தினால் முதலிலிருந்து தொடங்குவான். பாடவேளை மாறினால் அழுதுகொண்டே வகுப்பை விட்டு ஓடுவான்.

அவன் அப்பாவை அழைத்துப் பேசினோம். அவர் நிம்மதியாகச் சொன்னார்: “ஒண்ணாம் வகுப்பிலயே நெட்ல டெஸ்ட் போட்டுப் பார்த்துட்டோம் டீச்சர். வாய்ப்புக் குறைவுன்னு வந்துச்சு.” அந்தத் தேர்வின் பெயரைக் கேட்டு எழுதிவைத்துக்கொண்டேன். அது என்ன என்பது இப்போதுதான் எனக்கே தெரிந்தது. ‘எம்-சாட்’ என்பது 16 முதல் 30 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கானது. 20 கேள்விகள். ஆறு வயதுப் பையனுக்கு அதைப் போட்டுப் பார்த்து, ஐந்து ஆண்டுகளை அந்தக் குடும்பம் இழந்திருக்கிறது. நானும் அன்று அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

உரிய வயதில், உரிய முறையில் பயன்படுத்தினால் எம்-சாட் பயனுள்ளதே. இடைநிலை மதிப்பெண் வந்தால் பெற்றோரிடம் மறுபடி நேர்காணல் நடத்திய பிறகே அடுத்த படிக்கு அனுப்ப வேண்டும் என்பது அதன் விதி. அப்படி இரு கட்டத்தையும் தாண்டிய குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஆட்டிசமும், 95 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு வளர்ச்சிச் சிக்கலும் இருந்தது 2014-இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. ‘ஆட்டிசமா’ என்ற கேள்விக்கு அது பாதி விடைதான் தருகிறது. ‘இந்தக் குழந்தையை யாராவது கவனிக்க வேண்டுமா’ என்ற கேள்விக்குத் தெளிவான விடை தருகிறது. இணையத்தில் பலர் செய்வது முதல் கட்டத்தை மட்டும்தான்.

உண்மையான மதிப்பீடு எப்படி நடக்கும்?

இரத்தப் பரிசோதனையோ மூளை ஸ்கேனோ ஆட்டிசத்தைக் கண்டறியாது. குழந்தை எப்போது திரும்பிப் பார்த்தது, எப்போது விரல் நீட்டிக் காட்டியது, எப்போது பேசியது என்று வளர்ச்சி வரலாற்றைப் பெற்றோரிடம் கேட்பார்கள். குழந்தையை நேரில் பார்த்து, விளையாடவிட்டுக் கவனிப்பார்கள். காது கேட்கிறதா என்று சோதிப்பார்கள். பதற்றம், கவனக்குறைவு, கற்றல் குறைபாடு போன்றவை இருக்கின்றனவா என்றும் பார்ப்பார்கள். பள்ளியில் எப்படி இருக்கிறாள் என்று நம்மிடமும் கேட்பார்கள்.

நம் நாட்டுக்கென்றே ‘இசா’ எனப்படும் இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோல் இருக்கிறது. ஆறு பகுதிகளில் 40 கூறுகள், 40 முதல் 200 வரை மதிப்பெண். 70-உம் அதற்கு மேலும் ஆட்டிசத்தைக் குறிக்கும். அதைப் பயிற்சி பெற்றவர் நேரில் கவனித்துப் போட வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. சான்றிதழ், பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் எல்லாம் மருத்துவச் சான்றின் பேரில்தான் கிடைக்கும். கைப்பேசியில் வந்த மதிப்பெண் அங்கே செல்லாது.

நமக்கு முதல் வாசல் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர். ‘நலம் நாடி’ செயலியில் நாம் பதிவு செய்வதும் முதற்கட்டக் கண்டறிதல்தான், அதுவும் தீர்ப்பு அல்ல. அடுத்து, மாவட்ட அரசு மருத்துவமனையோடு இணைந்த தொடக்கநிலை இடையீட்டுச் சேவை மையமும், குழந்தைகள் நலப் பிரிவும், மனநலப் பிரிவும் உள்ளன. திருச்சி மாவட்டத்தார்க்கு மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை இருக்கிறது. ஹோலி கிராஸ் கல்லூரியில் மறுவாழ்வு அறிவியல் துறை இயங்குகிறது. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் ஒன்றிய அரசின் பன்முக மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் உள்ளது.

நாம் செய்யக்கூடியது

கண்டறிவது நம் வேலையில்லை. பார்த்ததை எழுதுவது நம் வேலை. ‘ஆட்டிசம் போலத் தெரிகிறது’ என்று எழுதாதீர்கள். ‘மணி அடிக்கும்போது காதை மூடிக்கொள்கிறாள். குழுச் செயல்பாட்டில் ஒதுங்கி நிற்கிறாள், தனியே கொடுத்தால் முடிக்கிறாள். ஆசிரியர் விடுப்பில் சென்று பாடவேளை மாறிய இரண்டு நாளும் அழுதாள்’ என்று தேதியோடு எழுதுங்கள். இரண்டு வாரக் குறிப்பு மருத்துவருக்குப் பெரிய உதவி.

பெற்றோரிடம் நோயின் பெயரைச் சொல்ல வேண்டாம். பார்த்ததைச் சொல்லி, ‘ஒருமுறை காட்டிவிடலாம்’ என்று சொன்னால் போதும். வளர்ப்பு சரியில்லை என்ற பேச்சுக்கு இடமே கொடுக்காதீர்கள். தாயின் அன்புக்குறைவே காரணம் என்ற பழைய கோட்பாடு எப்போதோ தள்ளுபடியாகிவிட்டது. தடுப்பூசியோடு தொடர்புபடுத்திய 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையை, வெளியிட்ட மருத்துவ இதழே 2010-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆசிரியர் அறையில் பொதுப் பேச்சாகவும் இது ஆகிவிடக் கூடாது.

உதவிக்குச் சான்றிதழ் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சத்தம் குறைந்த இருக்கை, நாளைய மாற்றத்தை இன்றே சொல்லிவிடுவது, வாய்மொழிக் கட்டளையைக் கரும்பலகையிலும் எழுதுவது, இடைவேளையில் நூலகத்தில் உட்கார அனுமதி. இவற்றால் ஆட்டிசம் இல்லாத பிள்ளைக்கும் கெடுதல் ஒன்றும் வந்துவிடாது.

சனவரிக் கடைசியில் நானே அவளைத் தேடிப்போனேன். “அன்னைக்கு நான் சொன்னது தப்பும்மா” என்றேன். அவள் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “உங்ககிட்டதான் மிஸ் முதல்ல சொன்னேன்” என்றாள்.

அவள் அம்மாவிடம் பேசினோம். இரண்டு வாரக் குறிப்போடு மதிப்பீட்டுக்குப் போனார்கள். என்ன முடிவு வந்தது என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. அது அவளுக்குரியது. மின்விசிறி கடகடக்கும் வரிசையிலிருந்து அவள் இருக்கையை மாற்றியது மட்டும் முடிவு வருவதற்கு முன்பே நடந்துவிட்டது.

உங்களிடம் ஒரு மாணவர் இப்படி ஓர் எண்ணைக் கொண்டுவந்தால், சரி என்றும் சொல்ல வேண்டாம், இல்லை என்றும் சொல்ல வேண்டாம். “என்னிடம் சொன்னது நல்லது. இதில் எந்தக் கேள்வியைப் படித்தபோது ‘இது நான்தான்’ என்று தோன்றியது?” என்று கேளுங்கள். நான் அதைக் கேட்க மூன்று வாரம் ஆயிற்று. அவள் விரல் வைத்துக் காட்டியது ஒரே ஒரு கேள்வியை: மற்றவர்களுக்குக் கேட்காத சின்னச் சத்தங்களும் உங்களுக்குக் கேட்கின்றனவா என்பதை.